கிருஷ்ணகிரி பைபாஸ் ஓட்டல்: களி உருண்டையும் பில்லும்

பில்லைப் பார்த்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் சாப்பாடு அப்புறம், கணக்கு முதலில்.

ஓட்டல் பெயர் வேண்டாம். சாப்பாடு 2,400 ரூபாய். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 240. இரண்டையும் கூட்டி, 2,640-க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 132. மொத்தம் 2,772. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டால் 2,520-தான். சர்வீஸ் சார்ஜுக்கும் வரி போட்டதால் வித்தியாசம் 240-ல் நிற்காமல் 252 ஆகிறது.

கேட்காமல் சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வாங்கக் கூடாது, அதன்மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கார்டை நீட்டுவதற்கு முன்பே "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். தேய்த்த பிறகு கேட்டால் "சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்பார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன். சர்வருக்குக் கொடுக்க நினைப்பதைக் கையில் கொடுத்துவிடலாம். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று இருந்தால் ரூம் வாடகையை விசாரியுங்கள். பொதுவாக ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குத்தான் அது.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் எம்ஆர்பி சண்டை போடாதீர்கள். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மூடியைத் திருகுவதற்கு முன்பே "சாதா தண்ணி போதும்" என்றால் பிரச்சினை முடிந்தது.

இனி களி. பெரிய ஓட்டல் பஃபேக்களில் இப்போது ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைப்பது ஃபேஷன். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடமே அதை விற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். களி நன்றாக இருக்க வேண்டுமென்றால் முதலில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட வேண்டும். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர். மாவைக் கொதியில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு குழி குத்தி மூடிவிட வேண்டும். ஐந்தாறு நிமிடம் மாவு ஆவியில் வெந்த பிறகுதான் கிண்ட வேண்டும். முன்னாடியே கிண்டினால் வெளியே வெந்து உள்ளே வேகாத மாவோடு கட்டி நிற்கும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருப்பதுதான் பதம்.

சமையல்காரர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பஃபே பாத்திரம் கெடுத்துவிடும். மூடி திறந்து திறந்து மூட, உருண்டை மேலே தோல் கட்டுகிறது. விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி எழும்பி வருகிறது. அதை மென்றுதான் தின்ன முடியும். களி என்பது குழம்பில் தோய்த்து விழுங்குவது. பஃபே 12.30-க்குத் திறந்தால் 12.45-க்குள் உட்காருங்கள், இல்லையென்றால் "சூடா ஒரு உருண்டை கிண்டித் தாங்க" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு மணிக்கு மேல் களிப் பக்கமே போகாதீர்கள். குழம்பு மட்டும் நேரம் ஆக ஆக நன்றாகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்!

இனிப்பில் மாம்பழ மூஸ் என்று ஒன்று, நுரைத்த க்ரீம் இனிப்பு. மாம்பழ ஊரில் டப்பாக் கூழில் செய்த மூஸ்! இந்தப் பக்கம் விளையும் பெங்களூரா ரக மாம்பழம் பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைக்கே போகிறது, அது தப்பில்லை. ஆனால் மே, ஜூனில் மார்க்கெட்டில் செந்தூரா குவிந்து கிடக்கும்போது நறுக்கின பழத்தை மெனுவில் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூஸுக்கு ஆகும் காசில் வெளியே பழம் வாங்கிக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். பெங்களூருக்குத் திரும்பும் கார்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகிறவர்கள், ஓட்டல் ஹைவேயின் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப் பக்கமென்றால் "சுத்திக்கிட்டு வரணும்" என்று இறங்கும்போது இன்னொரு தொகை சேரும். ஏறும்போதே போக வர சேர்த்துப் பேசி, டிரைவர் நம்பரை வாங்கி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு சர்வீஸ் ரோட்டில் லாரிதான் வரும்.