இறம்பொடை ஏற்றமும் சுற்றாத ஃபேனும்

அப்பா மரக்கறி ஏற்றிய இசுசு எல்ஃப் லொறி இப்போது என் கையில் இருக்கிறது. எனக்கு அது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் பாரத்தோடு ஏறினால் இறம்பொடை வளைவுகளில் சூட்டு முள் மேலே போய்விடும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, பாதையோரப் பீலியில், அதாவது மலை ஊற்று விழும் குழாயில், தண்ணீர் பிடித்து ஊற்றி மறுபடி ஏற வேண்டும். எந்த வளைவில் பீலி இருக்கிறது என்பது அப்பாவுக்கு மனப்பாடம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதல் ஞாயிறு ரேடியேட்டரைக் கழற்றுவதிலேயே போனது. கெபினைச் சாய்த்து முட்டுக் கொடுத்தேன். தண்ணீரை இறக்கும் திருகு துருப்பிடித்து அசையவில்லை, கீழ் ஹோஸையே உருவிவிட்டேன். பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அடித் தொட்டியில் மஞ்சள் சேறு. ஒழுக்கை அடைக்க அப்பா அவ்வப்போது மஞ்சள் தூள் போடுவார். ஒழுக்கு நின்றதோ இல்லையோ, பாதிக் குழாய்கள் நின்றுவிட்டன. தகடுகளும் விரல் பட்டால் உதிர்ந்தன. இனி ஈயம் வைத்துப் பயனில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு வகை ரேடியேட்டர் காட்டினார்கள். ஒன்று அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி, கையில் பஞ்சு மாதிரி. மற்றது பழைய செம்பு வகை, ரீகண்டிஷன். நான் செம்பை எடுத்தேன். கனம்தான், ஆனால் ஒழுகினால் ஹட்டனிலேயே ஒரு மெக்கானிக் பாஸிடம் கொடுத்து ஈயம் வைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் அந்த வேலை நடக்காது. மாட்டும்போது ஒரு காது அரை அங்குலம் தள்ளி இருந்தது. துளையை அரத்தால் இழுத்துப் பெரிதாக்கினேன், அது ஒரு பிற்பகல் வேலை.

ஃபேனுக்கு வருகிறேன். எஞ்சினோடு சுற்றும் பழைய ஃபேனை நான் கழற்றவில்லை. இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது சூடு நிறைய வரும், எதிர்காற்று இருக்காது. அந்த நேரத்துக்கு மட்டும் முன்பக்கத்தில் ஒரு மின்ஃபேன் துணைக்கு இருக்கட்டும் என்பது கணக்கு. லொறியில் 24 வோல்ட், அதாவது 12 வோல்ட் பெட்டரி இரண்டு தொடராக. "கார் ஃபேன் ஒண்ணு சும்மா கிடக்கு மச்சான், ஒரு பெட்டரியில மட்டும் கம்பி எடு" என்று கூட்டாளி ஒருவன் சொன்னான். எடுத்தால் ஒரு பெட்டரி காயும், மற்றது அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டுமே போகும். 24 வோல்ட் ஃபேனும் 24 வோல்ட் ரிலேயும் தேடி வாங்கினேன். ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்.

வயரிங் இதுதான். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற காலுக்கு (கால்களில் எண் போட்டிருக்கும்). 87 ஃபேனுக்கு. 86 சாவியைத் திருப்பினால் மின் வரும் இடத்துக்கு. 85 சூட்டு சுவிட்ச் வழியாக எர்த்துக்கு, அதாவது லொறியின் சட்டத்துக்கு. மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் அலுமினியக் குழாய் போட்டு, அதில் 90 பாகையில் இணையும் ஒற்றைக் கால் சுவிட்சைத் திருகினேன். டேஷ்போர்டில் கையால் போடவும் ஒரு சுவிட்ச். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பியைப் பாவிக்காதீர்கள், அதிர்வில் முறியும். பல இழை வயர்தான் தாங்கும்.

கை சுவிட்சைப் போட்டதும் ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், "தம்பி, காத்து எந்தப் பக்கம் போகுதுனு பாத்தீங்களா?" என்றார். பழைய வீரகேசரித் தாள் ஒன்றை முன்னால் பிடித்தேன். ஒட்டவில்லை, முகத்தில் அடித்தது. எஞ்சின் ஃபேன் உள்ளே இழுக்க, இது வெளியே ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு வயரையும் மாற்றிப் போட்ட பிறகு தாள் ரேடியேட்டர் பக்கம் இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். எஞ்சினைச் சூடாக்கினால் மீற்றரில் 95, ஆனால் ஃபேன் தானாக வரவில்லை. கையால் போட்டால் வருகிறது. அப்படியானால் சூட்டு சுவிட்ச்தான் செத்தது என்று முடிவுகட்டி, கழற்றி, குசினியில் கெத்தல் தண்ணீரில் தொங்கவிட்டேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது வெப்பமானி 94 காட்டியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே கொதிநிலை அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மலையில் ஏன் இவ்வளவு சீக்கிரம் கொதிக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே இந்த உயரத்தில் 115 பாகை வரை கொதிக்காது. அன்றே புது மூடி வாங்கினேன்.

சுவிட்ச் என்னவோ கெத்தலில் ஒழுங்காக இணைந்தது. மறுபடி மாட்டினால் மறுபடி ஊமை. இரண்டு மணித்தியாலம் ரிலேயைக் குடைந்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. ஒற்றைக் கால் சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். அந்த உடம்பு இருப்பது அலுமினியக் குழாயில், குழாயின் இரு பக்கமும் ரப்பர் ஹோஸ். எர்த் எங்கிருந்து வரும்! குழாயில் ஒரு கிளிப் போட்டு, சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கு ஒரு வயர் இழுத்தேன். சூடு ஏறியதும் ரிலே 'டக்' என்றது, ஃபேன் வந்தது.

கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி. பீலித் தண்ணீருக்கு விடுதலை. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழி நிற்கும் வரை ஊற்றினேன். இதில் அவசரப்பட்டால் உள்ளே காற்று நின்று, மீற்றர் பொய் சொல்லும்.

போன சனிக்கிழமை மச்சானின் வீட்டு வேலைக்குக் கம்பளையில் 40 மூட்டை சீமெந்து ஏற்றினோம், 2,000 கிலோ. புசல்லாவை வரை 88க்கு மேல் போகவில்லை. இறம்பொடையில் 93, ஃபேன் வந்தது, கொஞ்ச நேரத்தில் 89, நின்றது. மேலே போவதற்குள் நான்கு தடவை இப்படி. உச்சியில் உடனே எஞ்சினை நிறுத்தவில்லை. சாவியை அணைத்தால் ஃபேனும் அணைந்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டேன்.

"இந்தத் தடவை பீலியில நிக்கலையா?" என்று மச்சான் கேட்டான். முகம் கழுவ நினைத்திருந்தானாம்.

கீழ் ஹோஸ் கிளிப்பில் மட்டும் காலையில் ஒரு சொட்டு நிற்கிறது. அடுத்த ஞாயிறு அதை மாற்ற வேண்டும்.