யெல்லோ லேப்: ஜோடி வாங்காதீர்கள், கூட்டமாக வாங்குங்கள்

சிக்லிட் என்னும் அலங்கார மீன் குடும்பத்தில் முதன்முதலாகக் குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு ஜோடி கிடைக்குமா?” ஏஞ்சலுக்கும் கிரிபென்சிஸுக்கும் அது சரியான கேள்வி. அவை ஜோடி சேர்ந்து, ஆணும் பெண்ணுமாக முட்டையைக் காக்கிற மீன்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் இருக்கும் பாறை மீன்களிடம் ஜோடி என்ற பேச்சே கிடையாது. ஆண் ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு, வருகிற பெண்களோடெல்லாம் சேரும். முட்டையை வாயில் வைத்து அடைகாப்பது பெண் மட்டும். ஒன்றுக்கு ஒன்று என்று விட்டால், துரத்த வேறு ஆள் இல்லாமல் ஆண் அந்த ஒரே பெண்ணைத் துடுப்பு கிழியத் துரத்தியே கொன்றுவிடும்.

இந்தக் கூட்டத்தில் தொடங்குவதற்கு ஏற்றது யெல்லோ லேப் என்கிற மஞ்சள் மீன். பாறை மீன்களில் சாதுவானது, விலையும் அதிகமில்லை. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் அதற்கு ஒத்துப்போகும். ஒத்துப்போகிறதா என்பதை, தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடற்கரைப் பக்கத்து போரில் டிடிஎஸ் 1500 காட்டும். அதில் பெரும்பகுதி சாதாரண உப்பாக இருக்கலாம். பார்க்க வேண்டியது கேஹெச், அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு. அது 8 டிகிரிக்கு மேல், பிஹெச் 7.8 முதல் 8.4 வரை இருந்தால் போதும். கேஹெச் குறைவாக இருந்தால் 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 6 கிராம் சமையல் சோடா சேர்த்தால் கேஹெச் ஏறத்தாழ 4 டிகிரி ஏறும். ஃபில்டரில் ஒரு பை பவளத்தூள் போட்டுவைத்தால் அது மெதுவாகக் கரைந்து அந்த அளவைத் தாங்கிப் பிடிக்கும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் நேரடியாக ஊற்றவே கூடாது. தாங்குவதற்கு கார்பனேட் இல்லாததால் சில வாரங்களில் பிஹெச் சரிந்துவிடும்.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 255 லிட்டர். மணலும் கல்லும் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி 10 மி.மீ., அடியில் தெர்மாகோல். இந்த மீனுக்கு உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம். விரட்டப்படுகிற மீன் ஓடி ஒளிய தரைதான் வேண்டும். கற்களை முதலில் அடிக்கண்ணாடிமேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடுக்கிவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் கல் வைத்தால் மீன்கள் அடியில் தோண்டித் தோண்டி, ஒருநாள் கல் சரிந்து கண்ணாடி உடையும். அடுக்கு இரண்டு முனைகளிலும் தனித்தனிக் குவியலாக இருக்கட்டும், நடுவில் வெற்றிடம் விடுங்கள். ஒரே குவியலாக இருந்தால் முழுவதையும் ஓர் ஆணே பிடித்துக்கொள்ளும். அழகு முக்கியமில்லை என்றால் 3 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளும் பழைய ஓட்டுத் துண்டுகளும் கல்லுக்குச் சமமாக வேலை செய்யும், கழுவுவதும் எளிது.

மீனை விடும் முன் தொட்டியை சைக்கிள் செய்வதில், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்ப்பதில், அவசரம் வேண்டாம். மற்ற மீன்களுக்கும் இதே விதிதான் என்றாலும் இங்கே தண்டனை கடுமை. பிஹெச் 7-ல் மொத்த அம்மோனியாவில் விஷமான பகுதி அரை சதவீதம் சொச்சம்தான். பிஹெச் 8-ல் அதே வெப்பத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும். 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அம்மோனியா ஊற்றினால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, அதிலிருந்து வரும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் முடியும்.

இனி மீன் தேர்வு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடையில் “மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்” என்று எழுதிய தொட்டியிலிருந்து மஞ்சளாக இருக்கிறதே என்று பொறுக்காதீர்கள். லேபும், ரெட் ஸீப்ரா என்ற இன்னொரு மலாவி மீனும் தாராளமாகக் கலக்கும். அந்தக் கலப்புக் குஞ்சுகள் பார்வைக்கு லேப் போலவே சந்தையில் வரும். சுத்தமான லேபுக்கு முதுகுத் துடுப்பில் தெளிவான கறுப்புப் பட்டை ஓடும், மூஞ்சி கூர்மையாக இருக்கும். பட்டை விட்டுவிட்டு வந்தாலோ, உடம்பில் மங்கலான குறுக்குக் கோடுகள் தெரிந்தாலோ, மூஞ்சி உருண்டு நெற்றி செங்குத்தாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். சென்னைக்காரர்கள் கொளத்தூரில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, தாய்மீனைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.

நாலைந்து செ.மீ. அளவில் 8 முதல் 10 குஞ்சுகள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து. இந்த வயதில் ஆண் பெண் தெரியாது. வளர்ந்த பிறகும் நிறத்தை நம்ப முடியாது. குதத்துடுப்பில் முட்டை போலத் தெரியும் புள்ளி பெண்ணுக்கும் வரும். வயிற்றுத் துடுப்பின் கறுப்பு, அதிகாரம் செய்கிற பெண்ணுக்கும் ஏறும். உறுதியான வழி, மீனை ஈரத் துணியில் திருப்பிப் பிடித்து வயிற்றடித் துளைகளைப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவானால் ஆண். பின்துளை பெரிதானால் பெண். வளர்ந்ததும் ஓர் ஆணுக்கு நாலைந்து பெண் இருக்கும்படி மிச்ச ஆண்களைக் கொடுத்துவிடுங்கள்.

தீனி ஸ்பிருலினா கலந்த பெல்லட், நாளுக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் அளவு. லேப் இயற்கையில் பாறைப் பாசியில் இருக்கும் சிறு பூச்சி புழுக்களைத் தின்பது. அதற்காக மாட்டு ஈரலும் இரத்தப் புழுவும் போட வேண்டியதில்லை. வாரம் 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் மறக்காமல்.

வெப்பம் 24–28 டிகிரி. சமவெளியில் ஹீட்டரைவிட மே மாதத்து விசிறிதான் தேவை. தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், அவ்வளவு இறங்காது. மூடியை எடுத்துவிட்டால் கொசுவலை கட்டுங்கள், குதிக்கும். கேனிஸ்டரோடு (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பேட்டரி ஏர் பம்பும் இருக்கட்டும். மின்சாரம் சில மணி நேரம் போய்த் திரும்பினால், கேனிஸ்டரில் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

ஒரு பெண் தீனிக்கு வராமல் ஒதுங்கினால் தொண்டையைப் பாருங்கள். தாடைக்கடியில் பை போல உப்பியிருந்து, அடிக்கடி மென்று உருட்டுவது போலச் செய்தால் வாயில் முட்டை இருக்கிறது. தொண்டை சாதாரணமாக இருந்து, வயிறு உப்பி, வெள்ளை நூல் போல மலம் தொங்கினால் அது ப்ளோட் என்னும் வயிறு வீங்கும் நோய். உடனே தனியாக எடுத்து மெட்ரோனிடசோல் மருந்து கொடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு முட்டைக்காரிக்கு மருந்து ஊற்றுபவர்கள் நிறைய.

அடைகாப்பு மூன்று முதல் நாலு வாரம். முதல் பத்து நாள் அவளைத் தொடாதீர்கள். பயந்தால் முட்டையைத் துப்பிவிடுவாள் அல்லது விழுங்கிவிடுவாள். அதன்பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, வலை போடாமல் பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு, இரண்டடித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதே தண்ணீர், ஓடிப் பழகிய ஒரு ஸ்பாஞ்ச், ஒரு குழாய்த் துண்டு போதும். வாயைத் திறந்து குஞ்சை உதிர்க்கும் ஸ்ட்ரிப்பிங் தேவையே இல்லாத வேலை; தொடர்ந்து விழுங்குகிற பெண்ணானால் மட்டும் 18 நாளுக்குப் பிறகு செய்யலாம்.

குஞ்சுகளைத் துப்பியதும் தாயை வேறிடத்தில் நாலைந்து நாள் தீனி கொடுத்துத் தேற்றிவிட்டுக் கூட்டத்தில் விடுங்கள். மெலிந்தபடி திரும்பினால் மற்றவை மிதித்துவிடும். குஞ்சுகள் பத்து முதல் இருபத்தைந்து வரும், சுமார் ஒரு செ.மீ. இருக்கும், அன்றே பொடித்த பெல்லட்டும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவும் (கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் இறால் வகை) தின்னும். நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம்.

மிஞ்சினால் குளத்தில் விடலாமே என்பவர்கள் ஜிலேபிக் கெண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வாயில் அடைகாக்கும் சிக்லிட்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இன்று எந்த ஏரியில் இல்லை? மூன்று செ.மீ. ஆனதும் பட்டை சரியில்லாதவற்றைத் தனியே பிரித்து, குஞ்சு எடுப்பதற்கு என்று சொல்லாமல் அழகுக்கு மட்டும் என்று சொல்லிக் கடைக்குக் கொடுங்கள். அடுத்த தலைமுறைக்கு ஆணை மட்டும் வேறொருவரிடம் மாற்றிக்கொண்டால் போதும்.