பிள்ளைக்கு அடி விழுந்தால் கையில் இருப்பது ஒரு மாதம்

"கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ சேர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. பெற்றோர் சம்மதித்தாலும் இலங்கைக் கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 ஆகிய சுற்றறிக்கைகள் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுக்கின்றன. மீறும் ஆசிரியர் ஒழுக்காற்று விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும்.

நியாயமான அளவில் மாணவனை அடிக்கும் ஆசிரியர் குற்றவாளி அல்லர் என்று 1883 இன் தண்டனைச் சட்டக்கோவையில் ஓர் உதாரணம் எழுதப்பட்டது. பூவரசந் தடியோடு வகுப்புக்குப் போகிறவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். ஆனால் அதே கோவையில் 1995 இல் சேர்ந்த 308அ பிரிவின்படி, சிறுவரைக் கொடுமைப்படுத்தினால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான தண்டனையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை வேறு இருக்கிறது; அது ஓர் அடிப்படை உரிமை. மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஆசிரியரை 150,000 ரூபாயும் அரசை 500,000 ரூபாயும் இழப்பீடு கட்டச் சொன்னது.

அந்த நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான முறைப்பாடுகள் சாவது இங்கேதான். அதிபர் அறையில் ஒரு கூட்டம், பிறகு கோயில் திருவிழா, பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருவார் என்ற வாக்குறுதி; மாதம் போய்விடும். சமாதானம் பேசலாம், தப்பில்லை. காகித வேலையை முடித்துவிட்டுப் பேசுங்கள்.

முதல் நாளே வைத்தியசாலைக்குப் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் "விழுந்திட்டான்" என்று சொல்லி மருந்து வாங்கினால் அதுவே பதிவாகிவிடும். பிறகு மாற்றுவது கடினம். ஆசிரியர் அடித்தார் என்று சொன்னால்தான் விடயம் பொலிசுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் போகும். காது, கண், தலை என்றால் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா போன்ற பெரிய வைத்தியசாலைக்கே போங்கள். காயத்தைத் திகதியோடு படம் எடுங்கள். தழும்பு ஒரு கிழமையில் மங்கிவிடும்.

பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.

கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம் உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பலர் இதைப் பாதிதான் கேட்டிருப்பார்கள். முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்று காட்டும் ஆணைக்குழுவின் கடிதமும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தடியை வைத்துவிட்டால் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பேனா இருக்கிறது. குழப்படி நடந்த அன்றே சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியுங்கள், பெற்றோரை எழுத்தில் அழையுங்கள், ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்புங்கள். வாயால் பத்துத் தடவை எச்சரித்தேன் என்பது வலய விசாரணையில் எடுபடாது.

மாணவன் ஆசிரியர் மீது கை வைத்தால் அதுவும் குற்றமே. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் குற்றப் பொறுப்பு கிடையாது. 12 முதல் 14 வரை, பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். ஆறாம் வகுப்புப் பொடியனுக்குப் பொலிசைக் கூப்பிடுவதில் பயனில்லை. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.