அதனால ஒண்ணும் ஆகாதுங்க

படிவத்தின் 12-வது கேள்வி இது: 'கடந்த 5 ஆண்டுகளில் உங்கள் பணியிடத்தில் விபத்து ஏதேனும் நடந்துள்ளதா? ஆம் எனில் விவரம் தருக.' பேனாவை அந்த இடத்தில் ஊன்றிக்கொண்டு, கூரை வேலை கேட்டு வந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதையும் எழுதணுமாம்மா?"

"இருந்தா எழுதுங்க. அதனால ஒண்ணும் ஆகாதுங்க."

பேச்சு இவ்வளவுதான். அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. கொடுத்திருந்த இடம் போதாமல், கடைசி வரி ஓரமாக வளைந்து மேலே ஏறிப் போனது. 'சுமார் நாலு வருசம் முன்னாடி ஒரு பையன் பழைய ஷீட் உடைஞ்சு கீழே விழுந்தான். இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி செலவு நாங்களே பார்த்தோம். இப்போ எங்ககிட்டத்தான் வேலை செய்யிறான். அதிலிருந்து கீழே வலை கட்டாம யாரையும் மேலே ஏத்துறதில்லை.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வரிகளுக்காக அவருக்கு 6 மதிப்பெண் குறைந்தது. குறைத்தவள் நான். வேலை 4 மதிப்பெண் வித்தியாசத்தில் வேறொருவருக்குப் போனது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது வெறும் புலம்பலாகிவிடும். நான் வருவதற்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் கூரை வேலைக்கு யார் குறைந்த கொட்டேஷன் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் வேலை. முதல் மழையிலேயே ஒழுகும். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். தேடிக்கொண்டு போனால் அந்த முகவரியில் வேறு பெயரில் போர்டு தொங்கும், உள்ளே அதே ஆள் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒருவரிடம் பட்ட பிறகுதான் பின்னணி பார்க்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. 100 மதிப்பெண்ணுக்கு ஒரு படிவம் தயாரித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

கூரைக்காரர்களைச் சரிபார்ப்பது மற்ற வேலைக்காரர்களைச் சரிபார்ப்பது போல இல்லை. பெயின்ட் அடித்தவர் ஒழுங்காக அடித்தாரா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கூரை அப்படியில்லை, நாலைந்து மழைக்காலம் தாண்ட வேண்டும். போன மாதம் முடித்த வேலையைக் காட்டி, 'வேணும்னா அவங்களையே கேட்டுப்பாருங்க' என்பார்கள். அங்கே கேட்டு என்ன பயன்? எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். 5 வருடத்துக்கு முந்தைய இரண்டு வேலையையாவது காட்டச் சொல்வேன். போய்ப் பார்த்தால் ஸ்க்ரூவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதற்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வந்திருந்தால் அவசரக்காரர், மெஷினை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறார். வாஷர் தளர்ந்து சுற்றினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். ஷீட்டின் மேல் பொட்டுப் பொட்டாகத் துரு இருந்தால், துளை போட்டபோது உதிர்ந்த இரும்புத் தூளைக் கூட்டாமல் இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

காகிதங்கள் வேறு. கொட்டேஷனில் இருக்கும் பெயர், பதிவுச் சான்றில் இருக்கும் பெயர், இன்சூரன்ஸில் இருக்கும் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர் நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கேட்பேன். இன்சூரன்ஸ் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது அச்சான தேதியில் பாலிசி உயிரோடு இருந்தது என்பதற்குத்தான் அத்தாட்சி. அதற்கப்புறம் தவணை கட்டாமல் ரத்தாகியிருக்கலாம். அதனால் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்பேன், அதுவும் சான்றிதழில் இருக்கும் எண்ணுக்கு இல்லை, நானே தனியாகத் தேடி எடுத்த எண்ணுக்கு. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தால் கொடுப்பது ஒரு பாலிசி, வேலையாளுக்கு அடிபட்டால் கொடுப்பது வேறு பாலிசி. முதலாவதை மட்டும் காட்டிவிட்டு 'இன்சூரன்ஸ் இருக்கு' என்று சொல்வார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது.

இவ்வளவு பார்ப்பவள்தான் 12-வது கேள்வியை வைத்தேன். விபத்து இல்லையென்றால் 10. யாருக்காவது அடிபட்டிருந்தால் 4. வேலை கிடைத்தவர் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். மூன்றெழுத்து. பத்து மதிப்பெண்.

அந்த மூன்றெழுத்தை எப்படிச் சரிபார்த்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. பாலிசி நடப்பில் இருக்கிறதா என்றுதான் என்னால் கேட்க முடியும். எத்தனை பேருக்கு நஷ்டஈடு கொடுத்தீர்கள் என்று கேட்டால், அதை உங்களுக்குச் சொல்ல முடியாது மேடம் என்பார்கள். பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேரிடம் பேசினேன். அந்த எண்களைக் கொடுத்தவரும் அவரேதான். யாராவது விழுந்தார்களா என்று கேட்டேன். 'எங்க இடத்துல அப்படி ஒண்ணும் இல்லையே' என்றார்கள். நாலு காகிதத்தில் ஓர் எழுத்து மாறினால் பிடிக்கிற நான், இதில் மட்டும் ஒருவர் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்து முழு மதிப்பெண் போட்டேன். 'விபத்து நடக்கவில்லை' என்பதற்கும் 'விபத்து எதுவும் எனக்குத் தெரியவரவில்லை' என்பதற்கும் என் படிவத்தில் ஒரே கட்டம்தான் இருந்தது.

ஆனால் அவர் பொய் சொன்னார் என்பதற்கும் என்னிடம் எதுவும் இல்லை. உண்மையிலேயே விபத்து நடக்காமல் இருந்திருக்கலாம். கவனமாக வேலை வாங்குபவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள். ஒருவர் உண்மையை எழுதினார் என்பதற்காக இன்னொருவரைச் சந்தேகிப்பது என்ன நியாயம்? இதை எனக்கே நான் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகு எதையோ தேடப்போய் விமானத் துறையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, வாஷிங்டன் அருகே தரையிறங்க வந்த ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்புதான் வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே போலச் சிக்கி, அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்தில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இருந்த மற்ற விமானிகளுக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது. ஆனால் அது அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. இதற்கெல்லாம் பிறகுதான் 1976-இல் நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. தெரியாமல் விதியை மீறிய விமானி 10 நாளுக்குள் தானாக எழுதிக் கொடுத்தால், பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. சொன்னால் அடி விழாது என்று தெரிந்தால்தான் சொல்வார்கள் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நானும் அதே வாக்குறுதியைத்தான் கொடுத்தேன், 'அதனால ஒண்ணும் ஆகாதுங்க' என்று. பின்னால் அதைக் காப்பாற்றுவதற்கு என்னிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மனசு சரியில்லை. மூன்றாவது நாள் வேறொன்று கண்ணில் பட்டது. அந்த விலக்கு விபத்துகளுக்குக் கிடையாதாம். அவர் எழுதியது விபத்துதானே? ஒரு பையன் இடுப்பை உடைத்துக்கொண்டிருக்கிறான். அவர்களே விடமாட்டார்கள் என்றால் நான் மதிப்பெண் குறைத்ததில் என்ன தப்பு என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரம்தான்.

ஏனென்றால் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு மதிப்பெண் கணக்கு தெரியாதா? நான்தானே போட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அது ஞாபகத்தில் இல்லை. தயங்கும் ஒருவரைச் சமாதானப்படுத்த வாய் தானாகச் சொன்ன வார்த்தை அது. ஊசி போடுவதற்கு முன்னால் 'வலிக்காது' என்று சொல்வோமே, அந்த மாதிரி. ஆனால் ஞாபகம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? 'எழுதினால் 6 மார்க் போயிடுங்க' என்றா?

கூரை நன்றாக வந்தது. இதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை. வாஷர் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, தூளைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் இறங்கினார்கள். தேர்வு சரியானது என்று யாரும் சொல்வார்கள்.

ஒரே ஒரு மத்தியானம் மட்டும். பழைய ஷீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்துக்காக நடுநடுவே பதித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டெல்லாம் வெயிலில் காய்ந்து, தூசி ஏறி, மற்ற ஷீட்டின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. மேலே நிற்பவருக்கு எது எது என்று தெரியவே தெரியாது. கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. ஒரு சதுரம் மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது, அதன் விளிம்பில் இரண்டு பாதங்களின் நிழல். பலகை போடவில்லை. வலையும் இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவனுக்குப் பழக்கம் மேடம், ஸ்க்ரூ வரிசையைப் பார்த்துத்தான் கால் வைப்பான்" என்றார். கீழே இரும்புக் கம்பி ஓடுகிற இடத்தில்தான் ஸ்க்ரூ இருக்கும், அதை ஒட்டி நடந்தால் தாங்கும் என்பது கணக்கு. ஒரு கால் தடுமாறினால் அந்தக் கணக்கு அவ்வளவுதான். நான் சத்தம் போட்ட பிறகு பலகை வந்தது. மறுநாள் இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. யாரும் விழவில்லை. அடுத்த படிவத்திலும் அவர் 'இல்லை' என்று எழுதலாம், அது உண்மையாகவே இருக்கும்.

முடிவு தெரிந்த வாரம் பெரியவர் போன் செய்தார். கோபமில்லை, குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"எதுல போச்சும்மா?"

"மொத்தத்துல கொஞ்சம் குறைஞ்சுடுச்சுங்க."

"விலையிலயா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிம்மா. அடுத்த தடவை பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் புரிந்துகொண்டாரா? எனக்குத் தெரியவில்லை. அந்த 'பாத்துக்குறேன்' மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அடுத்த தடவை எழுதாதீர்கள் என்று நானே சொல்லிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டதற்கு இது காரணமா, இல்லை பிற்பாடு நான் கண்டுபிடித்துக்கொண்ட காரணமா?

மேலாளரிடம் படிவத்தை மாற்றலாமா என்று கேட்டேன். "விழுந்தா மார்க் குடுக்கச் சொல்றீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. விபத்துக்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி சேர்த்து அதற்கு 5 மதிப்பெண் வைக்கலாம் என்றேன். விபத்தே நடக்காதவருக்கு அந்த 5 எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். பதில் யோசித்து வைக்கிறேன் என்று வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

11 மாதம் கழித்துப் பின்கட்டடத்துக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அதே படிவம் போனது. பெரியவர் வரவில்லை, மகன் பூர்த்தி செய்து கொண்டுவந்து கொடுத்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவரா, கூரை மேலதான் இருப்பார்" என்றான். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து 12-இல் நின்றேன். 'இல்லை.' கட்டத்துக்குள் அழகாக அடங்கியிருந்தது.

அவன் போன பிறகு பழைய கோப்பை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'சுமார் நாலு வருசம் முன்னாடி.' தேதி இல்லை, மாதம் இல்லை. நாலும் இந்த 11 மாதமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 5. அந்த 'சுமார்' கொஞ்சம் முன்னே சாய்ந்தால் மகன் எழுதிய 'இல்லை' உண்மை. பின்னே சாய்ந்தால் இல்லை. பெரியவருக்கு ஒரு போன் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண் கோப்பின் மேலேயே இருந்தது.

10 போட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மகனே போன் செய்தான். "எல்லாம் சரியா எழுதியிருக்கோமா மேடம்? அப்பா கேக்கச் சொன்னார்."

"சரியா இருக்கு" என்றேன்.