43,434 ஊட்டியில் விழ வேண்டும் என்றால்

நீலகிரி வண்டிகளின் பதிவெண் டிஎன் 43 என்று தொடங்கும். அப்படி ஒரு வண்டியின் ஓடோமீட்டரில் (ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர்) 43,434 வரும்போது அதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. எழுத்தில் 'விகடகவி', 'தேரு வருதே' என்று ரசிக்கிறோமே, அந்த மாலைமாற்றுதான் இது, எண்ணில்.

வண்டியின் ஆயுளில் இந்த எண் ஒரே முறைதான் வரும். கணக்குப் போடாமல் விட்டால் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. பர்லியார் தாண்டி ஏற்றத்தில், பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது வந்துவிடும். அதனால் எந்த எண் எங்கே விழ வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோராயமான தூரங்கள் இவை: ஊட்டியிலிருந்து கோத்தகிரி 29 கி.மீ., கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33, அங்கிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் 34, குன்னூரிலிருந்து ஊட்டி 18. ஒரு முழுச் சுற்று 114 கி.மீ. எனவே ஊட்டியில் கிளம்பும்போது மீட்டர் 43,320 காட்டினால், சுற்றி முடித்து ஊட்டிக்குள் நுழையும்போது 43,434. கோத்தகிரி வழியாக இறங்கி, குன்னூர் வழியாக ஏறுவது நல்லது. கோடை சீசனில் ஒருவழிப் போக்குவரத்து வைக்கும்போதும் வழக்கமாக இதே திசைதான்.

கிளம்பும்போது 43,310 இருந்தால் 10 கி.மீ. கூடுதலாக ஓட்ட வேண்டும். அதை மலையில் தேடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் காரமடைப் பக்கம் 5 கி.மீ. போய்த் திரும்புங்கள், சரியாகிவிடும். சமவெளியில் கூட்டுவது சுலபம். ஆனால் ஓடிய தூரத்தைக் கழிக்க வழியே இல்லை. ஆகவே எப்போதும் கொஞ்சம் குறைவான எண்ணில் கிளம்பி, வழியில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தூரங்களை அப்படியே நம்பவும் கூடாது. மீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. புது டயரின் வரிப்பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும், சட்டப்படி தேய்மான எல்லை 1.6 மி.மீ. இந்த 6.4 மி.மீ. தேய்ந்தால் சிறிய கார் டயரின் ஆரம் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். 114 கி.மீ. சுற்றில் 2 கி.மீ. வித்தியாசம், அதாவது எண் ஊட்டிக்கு 2 கி.மீ. முன்பே விழுந்துவிடும். உங்கள் வண்டியிலேயே ஒருமுறை ட்ரிப் மீட்டர் (வேண்டும்போது பூஜ்யமாக்கி எண்ண வைக்கும் மீட்டர்) வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், டயர் மாற்றினால் மறுபடி அளங்கள். மலைச்சரிவால் வரும் வித்தியாசம் சொற்பம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில்கூட அரை சதவீதம்தான், அதுவும் வரைபடத்தில் நேராக அளந்த தூரத்தோடு ஒப்பிட்டால் மட்டும்.

எண் மாறும் கணத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பல கார்களின் ஓடோமீட்டரில் தசமம் தெரியாது, ட்ரிப் மீட்டரில் தெரியும். ஓடோமீட்டர் 43,000 ஆகும் நொடியில் ட்ரிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள் (ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர்). அதன்பின் இரண்டும் சேர்ந்தே ஓடும். ட்ரிப் 433.9 காட்டினால் அடுத்த 100 மீட்டருக்குள் 43,434 வருகிறது என்று பொருள். 30 கி.மீ. வேகத்தில் அது 12 நொடி. பழைய ஜீப்பில் உருளை மீட்டர் (எண் பொறித்த உருளைகள் சுழல்வது) என்றால் நிறுத்திவிட்டுத்தான் ட்ரிப் குமிழைத் திருகவும். ஓடும்போது திருகினால் உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். பிறகு வேகமுள் ஆடிக்கொண்டிருக்கும், எண் மட்டும் நகராது.

உருளை மீட்டருக்கென்று தனி அழகு இருக்கிறது. கடைசி நூறு மீட்டரில் 9 மெல்ல மேலேறி 0 பாதி தெரியும், 39,999 என்றால் எல்லா உருளைகளும் சேர்ந்து புரளும். டிஜிட்டலில் அந்தக் காட்சி கிடைக்காது, பட்டென்று மாறிவிடும். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் பெரும்பாலும் ரிவர்ஸில் பின்னால் போகும். மின்னணு மீட்டர்கள் பலவற்றில் ரிவர்ஸும் கூடுதலாகவே சேரும். குறுகிய பாதையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடப் பின்னால் எடுத்த தூரமும் கணக்கில் வந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

படம் எடுக்க அவசரமே வேண்டாம். எண் ஒரு முழுக் கிலோமீட்டருக்கு நிற்கும், 30 கி.மீ. வேகத்தில் இரண்டு நிமிடம். கொண்டை ஊசி வளைவிலோ அதை ஒட்டியோ நிறுத்தக் கூடாது. அகலமான ஓரம் வரும்வரை போங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, ஏற்றமானால் முதல் கியரிலும் இறக்கமானால் ரிவர்ஸ் கியரிலும் விட்டு, இஞ்சினை அணைத்துச் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பிப் படம் எடுங்கள். கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் மேலே ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் சில திரைகள் கறுப்பாகத் தெரியும், மீட்டர் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

ஐந்து இலக்கத்தில் மாலைமாற்று எண்கள் மொத்தம் 900. பெரும்பாலும் 100 கி.மீ. இடைவெளி. நடு இலக்கம் 9 தாண்டும்போது 110. 19,991-க்கும் 20,002-க்கும் இடையே வெறும் 11. எனவே மாதம் ஆயிரம் கி.மீ. ஓடும் வண்டியில் சுமார் பத்து கிடைக்கும். 44,444 போன்றவை 11,111 கி.மீ.க்கு ஒருமுறை. 12,345, 23,456 என்ற ஏறுவரிசைக்கும் அதே இடைவெளிதான்.

99,999, 1,00,000, 1,00,001 மூன்றும் அடுத்தடுத்து வரும். அந்த 3 கி.மீ.யை வீணாக்காதீர்கள். அதற்குப் பிறகு பஞ்சம்தான்: அடுத்த மாலைமாற்று 1,01,101, அதாவது 1,100 கி.மீ. தள்ளி. நம் மலைச்சுற்றில் ஏறக்குறைய பத்துச் சுற்று. ஆனால் காத்திருந்தால் 1,23,321 வரும். அதை ஊட்டியில் விழ வைத்தால், ஒரு சுற்று முடித்து மறுபடி குன்னூருக்கு இறங்கி, ஊரைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் 1,23,456.