பாதி தார், பாதி வேர்: கொடைக்கானலில் ஐந்து வாரமும் மூன்று சோடிக் காலணிகளும்

சென்ற ஆண்டு நவம்பர் கடைசியில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஓர் அறை எடுத்து ஐந்து வாரம் தங்கினேன். அலுவலக வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் நான் சொன்ன காரணம். தினமும் காலையில் மலைப்பாதையில் ஓடிப் பழக வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். மதுரையில் தார்ச்சாலையிலும் மைதானத்துச் சுற்றுப்பாதையிலும் ஆறு ஆண்டுகளாக ஓடிய கால்களுக்கு, ஏற்ற இறக்கமும் கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதை முற்றிலும் புதியது. முதல் இரண்டு வாரங்களில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஓட்டத்தைப் பற்றி அல்ல, காலணியைப் பற்றித்தான்.

மலைப்பாதைக்கு ஷூ வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மலையை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்; நானும் அப்படித்தான் போனேன். ஆனால் அன்றாடப் பயிற்சியில் மலைப்பாதை என்பது வாசற்படியிலிருந்து தொடங்குவதில்லை. அறையிலிருந்து ஏரிக்கு இறங்குவது தார்ச்சாலை. மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்சு 1863இல் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றிவரும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரும் தார்ச்சாலையே. அங்கிருந்து பாம்பார் சோலை வழியாக வட்டக்கானல் போகும் சாலையும் தார்தான், அதுவும் ஆங்காங்கே பெயர்ந்து சரளை தெரிகிற தார். வட்டக்கானலின் தேநீர்க் கடைகளைத் தாண்டி டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் முழுமையான காட்டுப்பாதை. மற்ற நாள்களில் பைன் மரக்காட்டுக்குள்ளும் சோலையின் ஓரத்து வண்டித் தடங்களிலும் ஓடினேன். ஒரு வாரத்து ஓட்டத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது பாதி தார், பாதி மண்ணும் வேரும் என்று கணக்கு வந்தது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஒரு சோடிக் காலணியின் விலை மிச்சமாகியிருக்கும்.

முதல் சோடி, மதுரையில் நான் பழகியிருந்த சாலை ஷூ. ஏரிச் சுற்றில் அதற்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் டால்பின் மூக்குப் பாதையில் இறங்கியபோதுதான் அதன் அடிப்பாகம் எவ்வளவு வழவழப்பானது என்பது புரிந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. குறுக்கே ஓடும் வேர்களின் தோல் உரிந்து எண்ணெய் பூசியதுபோல் இருந்தது. பழனி மலைத்தொடரின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லின் வகை என்பதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. கெட்டியான அந்தக் கல் காய்ந்திருக்கும்போது காலைப் பிடித்து நிறுத்தும். அதன் மேல் பாசி படர்ந்து நனைந்துவிட்டாலோ சோப்புக்கட்டிதான். நான் உட்கார்ந்த நிலையிலேயே நான்கைந்து அடி சறுக்கினேன். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, தலையில் விறகுக் கட்டோடு, வெறுங்காலில், எனக்காக ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

அந்த வெட்கத்தில், அதே வாரம் இணையத்தில் பார்த்து வரவழைத்ததுதான் இரண்டாவது சோடி. அடியில் ஆறு மில்லிமீட்டர் உயரப் புடைப்புகள் இருந்தன. ஓட்டக்காரர்கள் இவற்றை லக் என்பார்கள், எனக்குப் பற்கள் என்று சொல்லத்தான் பிடித்திருக்கிறது. அதோடு நீர் புகாத உள்ளுறையும் இருந்தது. சகதியில் அது ராஜநடை போட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீண்டு, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பற்கள் சேற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், காலைத் தூக்கும்போது சேற்றை உதறியும்விடும். அவற்றின் வேலை அதுதான். ஆனால் வட்டக்கானல் வரையிலான தார்ச்சாலையில், உடலின் பாரம் முழுவதையும் அந்தச் சில பற்களின் நுனி மட்டுமே தாங்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு அடியிலும் கூழாங்கல் பரப்பின் மேல் ஓடுவதுபோல் உள்ளங்கால் வலித்தது. பத்தே நாளில் குதிகால் பக்கத்துப் பற்களின் ஓரம் மழுங்கத் தொடங்கியது. ஈரப் பாறையைப் பற்றிக்கொள்ளும் ரப்பர் மென்மையானதாக இருக்க வேண்டும். மென்மையான ரப்பரைத் தார் விரைவில் தின்றுவிடும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இன்னும் யாரிடமும் இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று விற்கப்படும் எந்தக் காலணியும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொண்டதாகத்தான் இருக்கும். அந்த இடம் நம் பாதைக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் புகாத உள்ளுறையைப் பற்றியும் ஒரு சொல். பனித்துளி படிந்த புல்லில் ஓடினால் அது உண்மையாகவே காலை உலர்வாக வைத்திருக்கும். ஆனால் டிசம்பர் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்குகிறது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போவதற்கு வழியில்லாமல், இரண்டு சிறு குடங்களைக் காலில் கட்டிக்கொண்டு ஓடியதுபோல் இருந்தது. இரவெல்லாம் செய்தித்தாளைத் திணித்து வைத்தும் மறுநாள் காலை அது காயவில்லை. நம் மலைகளின் மழைக்கு, தண்ணீர் புகுந்த வேகத்திலேயே வடிந்துவிடுகிற மெல்லிய வலைத்துணிதான் சரி என்பது என் முடிவு. அட்டைக் கடியை வலைத்துணியும் தடுக்காது, உள்ளுறையும் தடுக்காது. நீண்ட காலுறை போட்டுக்கொண்டு அதன் மேல் உப்போ புகையிலைத் தண்ணீரோ தடவிக்கொள்வது வேறு விஷயம்.

இந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை பேருந்து பிடித்து மதுரைக்கு இறங்கி, நேரில் போட்டுப் பார்த்தே வாங்குவது என்று கடைக்குப் போனேன். வேண்டுமென்றே மாலையில் போனேன். பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்தின் கடைசியில் இருப்பதும் கிட்டத்தட்ட அந்தப் பாதம்தான். ஓடும்போது போடும் அதே காலுறையையும் எடுத்துச் சென்றிருந்தேன். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும் என்பதால் அதை நான் விட்டுப் பல நாளாகிவிட்டது.

கடைப் பையன் பொறுமைசாலி. முதலில் ஒவ்வொரு ஷூவின் உள்தகட்டையும் வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்று பார்த்தேன். செருப்பிலேயே வளர்ந்த என் பாதம் முன்பக்கம் அகலமானது. சுண்டுவிரல் தகட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தால், அந்த ஷூ எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் ஓரம் கட்டிவிடலாம். இப்படியே நான்கு சோடிகள் கழிந்தன. சில நிறுவனங்கள் ஒரே மாதிரியை அகலப் பாதத்துக்கென்று தனியாகவும் செய்கின்றன. கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். எட்டாம் எண், ஒன்பதாம் எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது; பெட்டியின் மேல் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் அளவே நம்பத்தக்கது. இரண்டு பாதங்களில் நீளமானதற்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. சமதளமான கடைத் தரையில் எல்லாக் காலணியும் நன்றாகத்தான் இருக்கும். ஏறும்போதும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஒரு மலைக் காலணியின் குணத்தை இறக்கம்தான் காட்டிக்கொடுக்கிறது. இறங்கும்போது பாதம் முன்னோக்கி நழுவி விரல் நுனி முட்டினால், ஒரு மணி நேர இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். என் இடது பெருவிரல் அதற்குச் சாட்சி. ஆகவே பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் நழுவாதபடி லேஸை இறுக்கி, கடையின் மாடிப்படியில் ஆறேழு முறை தடதடவென்று இறங்கிப் பார்த்தேன். கணுக்காலை ஒட்டி, பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிற ஒரு கடைசித் துளை உண்டு. அதில் லேஸைக் கோத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்கத்து முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால், குதிகால் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். முன்பக்கத்தை இறுக்க வேண்டிய தேவையும் இராது. பையன் இதைப் பார்த்துவிட்டு, "அந்த ஓட்ட எதுக்குன்னு இன்னைக்குத்தான் சார் தெரியுது" என்றான்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டிராப் என்கிறார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் வேலை கூடும், அதிகமாக இருந்தால் முழங்காலின் பங்கு கூடும். என் சாலை ஷூ பத்து மில்லிமீட்டர். ஆல்ட்ரா நிறுவனத்தின் பெரும்பாலான மாதிரிகளைப்போல வித்தியாசமே இல்லாத ஒன்றுக்கு ஒரே நாளில் தாவினால் கெண்டைக்கால் பழிவாங்கும் என்பதால், நடுவிலுள்ள ஆறு மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டேன். மெத்தையின் தடிமனிலும் அதே நிதானம்தான் தேவை. மிகத் தடித்த மெத்தை தாரில் சொகுசு. வேர்களுக்கு நடுவே கால் தரையை விட்டு உயரத்தில் நிற்பதால் கணுக்கால் மடங்கும் ஆபத்து கூடுகிறது, காலடியில் என்ன இருக்கிறதென்று பாதத்துக்குத் தெரிவதுமில்லை.

சாலையிலிருந்து காட்டுப்பாதைக்கு என்ற பெயரில் இப்போது பல நிறுவனங்கள் ஒரு தனி வகையையே வைத்திருக்கின்றன. ஹோக்காவின் சேலஞ்சர், நைக்கியின் பெகாசஸ் டிரெயில் போன்றவை அந்த வகை. நான் எடுத்ததும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பற்கள் மூன்றரை மில்லிமீட்டர் உயரம். நடுவில் நெருக்கமாகவும் தட்டையாகவும் அமைந்து தாரில் பாரத்தைப் பரப்பிக்கொள்கின்றன, ஓரங்களில் சற்று விலகி நின்று மண்ணைப் பிடிக்கின்றன. காலணியின் அடிப்பாகத்துக்கென்று இவ்வளவு யோசனை செலவிடப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன், 1971இல் வாஃபிள் என்னும் கட்டம் போட்ட அப்பம் சுட வீட்டிலிருந்த வார்ப்பில் ரப்பர் கலவையை ஊற்றி வார்ப்பைப் பாழாக்கினார்; நைக்கியின் கட்டம் கட்டமான அடிப்பாகம் அங்கிருந்து பிறந்தது. இத்தாலியின் வித்தாலே பிரமானி, 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தன்னுடன் வந்த ஆறு பேர் இறந்த துயரத்துக்குப் பிறகு, மலையேறும் காலணிக்கு ரப்பர் அடி செய்யப் புறப்பட்டு விப்ரம் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வாஃபிள் கட்டத்துக்கும் ஆல்ப்ஸ் பற்களுக்கும் நடுவே எங்கோதான் என் மூன்றரை மில்லிமீட்டர் நிற்கிறது.

மீதி நாள்கள் நன்றாகவே போயின, அதிகம் சொல்வதற்கில்லை. தாரில் அது சாலை ஷூ அளவுக்குத் துள்ளவில்லை, கருமண் சகதியில் இரண்டாவது சோடி அளவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வட்டக்கானல் தேநீர்க் கடை முனையில் சாலை முடிந்து பாதை தொடங்கும் இடத்தில் நான் நிற்கவே தேவையில்லாமல் போயிற்று. அன்றாடப் பயிற்சிக்கு வேண்டியது அந்த இடைவெளி இல்லாமைதான். பைன் காட்டின் உலர்ந்த ஊசியிலைப் படுகை மட்டும் கடைசிவரை அதற்கு அடங்கவில்லை. பற்கள் மண்ணைத் தொடுவதற்குள் இலை வழுக்கிவிடுகிறது. அங்கே காலடியைக் குறுக்குவதைத் தவிர எந்தக் காலணியும் உதவாது என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம், ஊர் திரும்பும் நாளில், பேருந்தில் இறங்காமல் வெள்ளகவி என்ற மலையூர் வழியாக அடிவாரத்திலுள்ள கும்பக்கரைக்குக் காலாலேயே இறங்குவது என்று முடிவு செய்தேன். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ உயிர்களைப் பலிகொண்ட பிறகு இத்தகைய பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். அதை வாங்கிக்கொண்டு, வெள்ளகவியைச் சேர்ந்த ஒரு பெரியவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டேன். இந்த மலையில் வண்டிச்சாலை வருவதற்கு முன்பு, 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில், பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து ஆள்கள் சுமையோடும் பல்லக்கோடும் ஏறி வந்ததும் இந்தச் சரிவுகளில்தான். மொத்தம் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தபோது கீழே வெள்ளகவியின் கூரைகள் தெரிந்தன.

ஊர் எல்லை வந்ததும் பெரியவர் நின்றார். "தம்பி, இதுக்கு மேல செருப்பு போடக்கூடாது. கழட்டிக் கையில எடுத்துக்கங்க" என்றார். தெருவெங்கும் தெய்வங்கள் குடியிருக்கும் அந்த ஊரில் காலணி அணிந்து யாரும் நடப்பதில்லை. ஐந்து வாரமாக மில்லிமீட்டர் கணக்கில் ஆராய்ந்து தேர்ந்த சோடியை லேஸில் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுமைக்குதிரைகள் நிற்கும் சந்துகளின் வழியே ஊரைக் கடந்தேன். கல் குளிர்ந்திருந்தது. சாணம் மெழுகிய வாசல்கள் மெத்தென்றிருந்தன. ஒவ்வொரு சிறு கல்லும் எங்கே இருக்கிறதென்று பாதத்துக்குத் தெரிந்தது. கால் தானாகவே அடியைக் குறுக்கி வைத்தது. மறுபக்க எல்லையில் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தபோது, முதல் சில அடிகளுக்கு எனக்கு இரண்டு கால்களும் மரத்துப்போனதுபோல் இருந்தது.

கும்பக்கரையை அடைந்தபோது மாலை நான்கு மணி. நகம் ஒன்றும் கறுக்கவில்லை. பெரியகுளம் போய்ப் பேருந்து ஏறி, இரவு வீட்டுக்கு வந்ததும் உள்தகட்டை வெளியே எடுத்து, ஷூவைக் கழுவி, வெயில் படாத இடத்தில் காய வைத்தேன். நேர் வெயில் அடிப்பாகத்தின் பசையைத் தளர்த்திவிடும். பற்களுக்கு இடையே மேலே அப்பிய கருமண்ணும் அடிவாரத்துச் செம்மண்ணும் ஒன்றாகக் கரைந்து போயின. திங்கட்கிழமை காலை மதுரைச் சாலையில் ஓடத் தொடங்கியபோது வலது காலில் மட்டும் டக், டக் என்று ஒரு சத்தம். இரண்டு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். நெருக்கமாக அமைந்த நடுப்பற்கள் இரண்டுக்கு நடுவே புளியங்கொட்டை அளவு கல் ஒன்று இறுக மாட்டியிருந்தது. வீட்டுச் சாவியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது.