பெட்டா ஜோடி சேர்க்கும் முன் புழு வளர்க்கணும்

பெட்டா எனும் சண்டை மீனை முட்டையிட வைப்பது பெரிய வித்தையே இல்லை. நல்ல தீனி தின்ற ஜோடியும் வெதுவெதுப்பான தண்ணீரும் இருந்தால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். சிக்கல் வருவது குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகுதான். நூற்றுக்கணக்கில் பொரித்த தொட்டி, பத்தே நாளில் காலியாகும். பெரும்பாலும் பட்டினிதான் காரணம். தூள் தீனியைக் குஞ்சுகள் சீண்டாது, அசைகிற இரையைத்தான் கொத்தும். ஆகவே ஜோடியைச் சேர்ப்பதற்கு 10 நாள் முன்பே தீனி வளர்ப்பு தொடங்கியிருக்க வேண்டும்.

மைக்ரோவார்ம் எனும் நுண்புழுவுக்கு ஓட்ஸைக் கெட்டிக் கஞ்சியாக வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 1 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஒரு ஸ்பூன் தாய்ப்புழுக் கலவை (ஏற்கனவே புழு வளர்ந்துள்ள டப்பாவிலிருந்து எடுத்தது). மூடியில் ஊசித் துளைகள் போதும். நாலைந்து நாளில் புழுக்கள் டப்பாச் சுவரில் ஏறும்; விரலால் வழித்துத் தொட்டியில் அலசிவிடலாம். கஞ்சி தண்ணீராகிப் புளித்து நாறினால் அந்த டப்பா முடிந்தது. அதனால் எப்போதும் இரண்டு டப்பா ஓடட்டும்.

இதைவிடச் சத்தானது அப்போதுதான் பொரித்த ஆர்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற உயிரி. 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, கால் டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை. தலைகீழாக நிறுத்திய பாட்டிலில், 28 டிகிரியில், ஏர் பம்ப் பலமாக ஓடினால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். பாட்டிலின் கீழ்ப்பக்கம் டார்ச் வெளிச்சம் காட்டி, அங்கே திரளும் ஆரஞ்சு நிறக் கூட்டத்தை மட்டும் மெல்லிய குழாயால் இழுத்து, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். சில மணி நேரத்திலேயே அவற்றின் சத்து குறையத் தொடங்கும். எனவே தினமும் புதிதாகப் போட வேண்டியதுதான்.

ஜோடிக்கு ஒன்றிரண்டு வாரம் தனித்தனியாக கொசுப் புழு, ரத்தப் புழு போன்ற தீனி கொடுங்கள். பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் வெள்ளைப் புள்ளி போல முட்டைக்குழாய் தெரிய வேண்டும். உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் விழுந்தால் அது தயார். தலையிலிருந்து வாலுக்குக் கிடைக்கோடு ஓடினால் பயந்திருக்கிறது, பொறுங்கள். வெளிர் நிறப் பெண்களில் பட்டை தெரியாமல் போகலாம். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரட்டைவால் (வால் துடுப்பு இரண்டாகப் பிரிந்த ரகம்) வேண்டாம். குஞ்சுகளில் முதுகெலும்புக் கோளாறு கூடும்.

தொட்டி 20 முதல் 40 லிட்டர், தண்ணீர் 12 செ.மீ. உயரம், வெப்பம் 27, 28 டிகிரி. தரையில் கல் போடாதீர்கள். முட்டை இடுக்கில் விழுந்தால் ஆணால் எடுக்க முடியாது. மிதக்கும் பாதாம் இலையோ பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப்போ, ஆண் குமிழிகளால் கட்டும் நுரைக்கூட்டுக்கு ஆதாரம். மறுகோடியில் பெண் ஒளியச் செடி அடர்த்தியாக இருக்கட்டும். அசைவில் கூடு கலையும் என்பதால் ஃபில்டரை நிறுத்திவிடலாம். மேலே கிளிங் ஃபிலிம் (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) போட்டு மூடுங்கள்.

பெண்ணை முதலில், அடி வெட்டிய பாட்டிலுக்குள் நிறுத்தி, ஆணுக்குக் காட்டினால் போதும். கூடு கட்டியதும் திறந்துவிடுங்கள். துரத்தல், துடுப்புக் கிழிசல் எல்லாம் சகஜம். ஆண் பெண்ணை வளைத்து அணைக்கும்போது ரவை போல முட்டைகள் உதிரும். ஆண் அவற்றை வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். சில மணி நேரம் இப்படியே போகும். அணைப்பு நின்று, ஆண் பெண்ணை விரட்டத் தொடங்கினால் பெண்ணை எடுத்துவிடுங்கள். மூன்று நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் பிரித்து, இன்னொரு வாரம் தீனி கொடுத்து மறுபடி பாருங்கள்.

முட்டையை ஆணே தின்றுவிட்டதா? புது ஆண், அடிக்கடி எட்டிப் பார்க்கும் நாம், கருவுறாத முட்டை: காரணம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். இரவிலும் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும், விழும் குஞ்சை ஆண் கண்டு எடுக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, குஞ்சுகள் வால் தொங்கக் கூட்டில் ஒட்டியிருக்கும். அப்போது தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. மேலும் இரண்டு, மூன்று நாளில் கிடையாக நீந்தும். அன்றே ஆணை வெளியே எடுங்கள், அன்றே முதல் தீனி.

முதலில் மைக்ரோவார்ம், அடுத்த ஓரிரு நாளில் ஆர்டீமியா. நாளுக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். வயிறு கண்ணாடி போல இருந்தால் தின்னவில்லை. மிச்சம் அழுகினால் பட்டினிக்கு அடுத்த எமன் அதுதான். ஏர் டியூபின் முனையில் துணி கட்டி அடிக்கசடை உறிஞ்சி, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆணை எடுத்த பிறகு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆனால் குமிழி எண்ணக்கூடிய வேகத்தில். மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்க உதவும் லேபிரிந்த் உறுப்பு சில வாரம் கழித்தே உருவாகும். அதுவரை மேலே ஈரமும் சூடும் குறையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடி.

இரண்டு, மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் துடுப்பை விரித்து முறைக்கத் தொடங்கும். முதலில் சண்டை இழுப்பதை முதலில் எடுத்துத் தனி ஜாடியில் விடுங்கள். மீதி சில நாள் அமைதியாக இருக்கும். எத்தனை ஆணோ அத்தனை ஜாடி, ஒவ்வொன்றிலும் வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றம். பெண்களை ஒன்றாகவே வளர்க்கலாம். அதிலும் ஒன்றிரண்டு ரவுடி இருக்கும், அதற்கும் ஒரு ஜாடி.